நூலும் அடிக்கோலும் கொண்டு உலகைப் படிப்பது

உலக உருண்டை வாங்குகிற பலர் அதை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, நாடுகளின் பெயரைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வரைபடங்களின் நிலையும் இதுதான். ஆணியில் மாட்டிய படமாகவே வருடக்கணக்கில் தொங்குகின்றன. இரண்டுமே அளப்பதற்காகச் செய்யப்பட்டவை. நூல், அடிக்கோல், பென்சில், ஒரு கால்குலேட்டர் ஆகியவற்றோடு அவற்றின் முன் உட்கார்ந்து பாருங்கள். பாடப்புத்தகம் பத்துப் பக்கத்தில் சொல்வதை அவை அரைமணி நேரத்தில் காட்டிவிடும்.

முதல் வேலை, உங்கள் உருண்டையின் அளவையைக் கண்டுபிடிப்பது. பல உருண்டைகளில் அது அச்சிடப்பட்டிருப்பதில்லை. நீளாத நூலை நிலநடுக்கோட்டின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, அந்த நீளத்தை அளந்துகொள்ளுங்கள். 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையில் இது 94.2 செ.மீ. வரும். பூமியின் நிலநடுக்கோட்டுச் சுற்றளவு 40,075 கி.மீ. வகுத்தால் 1 செ.மீ.க்குச் சுமார் 425 கி.மீ. அதாவது ஒன்றுக்கு நாலேகால் கோடி. இந்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி உருண்டையின் பீடத்தில் ஒட்டிவிடுங்கள். இனி எல்லாக் கணக்குக்கும் இதுதான் ஆதாரம்.

இந்த ஓர் எண்ணை வைத்தே எத்தனை தவறான எண்ணங்களைத் திருத்தலாம் என்று பாருங்கள். எவரெஸ்டின் உயரம் 8,849 மீட்டர். உங்கள் உருண்டையில் அது 0.2 மி.மீ., மெல்லிய பென்சில் கோட்டின் தடிமன்தான். விரலால் தடவினால் மலை தட்டுப்படுகிற புடைப்பு உருண்டைகளில் உயரம் பல மடங்கு மிகைப்படுத்தப்பட்டிருக்கிறது. மலைத்தொடர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்ட அவை உதவும். உயரத்தை ஒப்பிட உதவா. பூமி துருவங்களில் தட்டையானது என்று படிக்கிறோம். நிலநடுக்கோட்டு விட்டம் 12,756 கி.மீ., துருவ விட்டம் 12,714 கி.மீ. வித்தியாசம் இந்த உருண்டையில் வெறும் 1 மி.மீ. ஆகவே, பாடத்துக்காக உருண்டையை முட்டை போல வரைந்து காட்டுவது பெரிய தவறு. நிலவையும் சேர்த்துக்கொண்டால், அது 8 செ.மீ. விட்டமுள்ள பந்து, வைக்க வேண்டிய தூரம் 9 மீட்டர். பெரும்பாலான அறைகளுக்குள் அது அடங்காது.

அடுத்தது நூல் பயிற்சி. லண்டனில் நூலின் ஒரு முனையைப் பிடித்து, மறுமுனையை டோக்கியோவுக்கு இழுத்து இறுக்குங்கள். இறுகிய நூல் தானாகவே மிகக் குறுகிய வழியில் போய் நிற்கும். அது கிழக்கு நோக்கி நேராகப் போகாமல் வடக்கே ஏறி, ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி, ஏறத்தாழ 71 பாகை அட்சம் வரை போய்த் திரும்பி இறங்குவதைப் பார்ப்பீர்கள். நூலின் நீளம் 22.5 செ.மீ.; 425 ஆல் பெருக்கினால் சுமார் 9,560 கி.மீ. இதே இரண்டு நகரங்களையும் சுவர் வரைபடத்தில் அடிக்கோல் வைத்து இணைத்தால், கோடு எங்கோ தெற்கே, வேறு நாடுகள் வழியாகப் போகும். தொலைதூர விமானங்கள் ஏன் வரைபடத்தில் வளைந்து பறப்பதாகத் தெரிகின்றன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. இங்கே ஒரு எச்சரிக்கை. நூல் தளர்ந்தாலோ, உருண்டையின் மேல் செல்லும் உலோக வளைவில் மாட்டிக்கொண்டாலோ அளவு ஒரு செ.மீ. வரை ஏறிவிடும், அது 425 கி.மீ. பிழை. ஆகவே மூன்று முறை அளந்து, குறைந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி வேண்டாம், ஏனென்றால் நூலில் நேரும் பிழை அநேகமாக எப்போதும் நீளத்தைக் கூட்டவே செய்யும்.

பருவகாலங்களை விளக்க விளக்கும் உருண்டையும் வைத்துச் செய்கிற பரிசோதனையில் இரண்டு இடங்களில் தவறு நடக்கிறது. முதலாவது, உருண்டையைத் தூக்கிக்கொண்டு விளக்கைச் சுற்றி வருபவர் தம் உடம்போடு சேர்த்துப் பீடத்தையும் திருப்பிவிடுகிறார். அச்சின் சாய்வு எந்நேரமும் விளக்கைப் பார்த்தே இருக்கும்; வட அரைக்கோளத்துக்கு ஆண்டு முழுக்கக் கோடை என்றாகிவிடும். 23.5 பாகை சாய்ந்த அந்த அச்சு, சுற்றி வரும்போதெல்லாம் ஒரே திசையைக் காட்ட வேண்டும். பீடத்தில் ஓர் அம்புக்குறி ஒட்டி, நான்கு நிலைகளிலும் அது அறையின் ஒரே சுவரை நோக்கியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். இரண்டாவது தவறு நுட்பமானது. விளக்கு பக்கத்தில் இருந்தால் அதன் கதிர்கள் விரிந்து வருவதால் உருண்டையின் சரிபாதி ஒளி பெறாது. ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்த விளக்கு, 30 செ.மீ. உருண்டையில் ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட 6 பாகையை இருட்டிலேயே விட்டுவிடும். சம இரவு பகல் நாளில் பகல் 12 மணி நேரத்துக்குக் குறைவாகத் தெரியும். மாணவர்கள் சரியாக அளந்தும் தவறான விடை கிடைக்கும். விளக்கை 3 மீட்டர் தள்ளினால் இது 3 பாகைக்குள் வந்துவிடும்.

விளக்கே வேண்டாம், சூரியன் போதும் என்றால் இன்னும் நல்லது. எனக்கு மிகப் பிடித்த பயிற்சி இதுதான். இவ்வளவு எளிய ஒன்றைப் பலர் செய்து பார்ப்பதே இல்லை. உருண்டையைத் தாங்கியிலிருந்து கழற்றி, உருளாமல் பிடிக்கும் ஒரு வளையத்தின் மேல் வெயிலில் வையுங்கள். நீங்கள் இருக்கும் இடம் உருண்டையின் உச்சியில் வரட்டும். பிறகு அந்த இடத்தை உச்சியிலிருந்து நகர விடாமல், வடதுருவம் உண்மையான வடக்கைப் பார்க்கும்படி திருப்புங்கள். சரியாக வைத்திருந்தால் அச்சு தரையோடு செய்யும் கோணம் உங்கள் ஊரின் அட்சத்துக்குச் சமமாக இருக்கும். (தென் அரைக்கோளத்தில் இருப்பவர்களுக்குத் தென்துருவம்தான் மேலே எழும்பி நிற்கும்.)

இப்போது உருண்டையில் எங்கெல்லாம் வெயில் படுகிறதோ, அங்கெல்லாம் அந்த நொடியில் நிஜமாகவே பகல். நிழலின் விளிம்பில் இருக்கும் ஊர்களில் சூரியன் உதித்துக்கொண்டோ மறைந்துகொண்டோ இருக்கிறது. ஒரு செ.மீ. நீளக் குச்சியைச் சிறு களிமண் கட்டியில் குத்தி, உலக உருண்டையின் மேற்பரப்பில் நகர்த்திப் பாருங்கள். எந்த இடத்தில் நிழலே விழவில்லையோ, அங்கே சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அந்த இடத்தின் அட்சத்தைக் குறித்து, மாதம் ஒருமுறை திரும்பச் செய்தால், கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடையே சூரியன் போய்வருவதை உங்கள் குறிப்பேடே காட்டும்.

உண்மை வடக்கைத் திசைகாட்டியில் பார்க்காதீர்கள். அது காந்த வடக்கைத்தான் காட்டும். சமதளத்தில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, அதை மையமாக வைத்து வட்டம் வரையுங்கள். முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் புள்ளியையும், பிற்பகலில் மறுபடி தொடும் புள்ளியையும் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவே குச்சியிலிருந்து செல்லும் கோடு வடக்கு தெற்காக இருக்கும்.

உருண்டையைச் செய்து பார்த்தல்

கிடைத்திருப்பவற்றில் மிகப் பழைய உலக உருண்டை, மார்ட்டின் பெஹைம் 1492 இல் நியூரம்பெர்க்கில் செய்வித்தது. அது கையால் வரையப்பட்டது. 1507 இல் வால்ட்சேமுல்லர் என்ற வரைபடக்காரர் உலகத்தைப் பன்னிரண்டு பட்டைகளாகத் தாளில் அச்சடித்தார். வெட்டி ஒட்டினால் உருண்டையாகிவிடும். இன்றைக்கும் வீட்டிலோ வகுப்பிலோ செய்வதற்கு ஏற்ற வழி அந்தப் பன்னிரண்டு பட்டைதான். கோளத்தைத் தாளில் விரிப்பது ஏன் கடினம் என்பதைக் கை வழியாகப் புரிந்துகொள்ள வேறு பயிற்சி இல்லை.

18 செ.மீ. விட்டமுள்ள பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் இருக்கிறது: அதன் பட்டை துருவத்துக்குத் துருவம் 28.3 செ.மீ. நீளம், ஏ4 தாளின் 29.7 செ.மீ.க்குள் அடங்கும். 20 செ.மீ. பந்து என்றால் 31.4 செ.மீ. ஆகிப் பெரிய தாள் தேவைப்படும். ஒவ்வொரு பட்டையும் 30 பாகை தீர்க்கத்தை மூடுகிறது. நடுக்கோட்டை வரைந்து, மையத்திலிருந்து இருபுறமும் 2.36 செ.மீ.க்கு ஒரு குறி வையுங்கள். ஒவ்வொரு குறியும் 15 பாகை அட்சம். பட்டையின் அகலம் நிலநடுக்கோட்டில் 4.71 செ.மீ., 15 பாகையில் 4.55, 30 இல் 4.08, 45 இல் 3.33, 60 இல் 2.36, 75 இல் 1.22, துருவத்தில் சுழி. அகலத்தில் பாதியை நடுக்கோட்டின் இருபுறமும் குறித்து, வளைவாக இணைத்தால் பட்டை தயார். எண்களின் பின்னால் இருப்பது அட்சத்தின் கொசைன் மட்டுமே. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்குவதும் அதே கொசைனின்படிதான். அந்த உண்மையைத்தான் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இந்த எண்களை அப்படியே நம்பி வெட்ட வேண்டாம். முதலில் பந்தின் சுற்றளவை மூன்று திசைகளில் அளந்து பாருங்கள். 18 செ.மீ. என்று விற்கும் பந்து அப்படியே இருப்பது அரிது. பலூன் மேல் தாள் ஒட்டிச் செய்த கூடு என்றால் அது பேரிக்காய் வடிவத்துக்குச் சாய்ந்திருக்கும், அதில் பட்டைகள் பொருந்தவே பொருந்தா. அதோடு, பந்தின் மேல் ஒரு மி.மீ. தடிமனுக்கு வெள்ளைத்தாள் ஒட்டினால் சுற்றளவு 6.3 மி.மீ. கூடிவிடும். ஒவ்வொரு பட்டைக்கு நடுவிலும் அரை மி.மீ. இடைவெளி தெரிவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். அடிப்பூச்சு எல்லாம் முடிந்து காய்ந்த பிறகு அளந்து, அந்தச் சுற்றளவைப் பன்னிரண்டால் வகுத்து அகலத்தைத் திரும்பக் கணக்கிடுங்கள்.

கரையோரங்களை வெட்டுவதற்கு முன்பே வரைந்துவிட வேண்டும். 15 பாகைக் கட்டங்கள் உள்ள அட்லஸ் பக்கத்தை வைத்துக்கொண்டு, கட்டம் கட்டமாக மாற்றி வரைவதே நல்லது. நீரில் கரையாத மை அவசியம். சாதாரண ஸ்கெட்ச் பேனா, பசை பட்டதும் கண்டம் கண்டமாகக் கரையும். தாள் ஈரத்தில் விரியும், அதுவும் இழையின் குறுக்கே அதிகம். அதனால் பன்னிரண்டு பட்டைகளையும் தாளின் ஒரே திசையில் வெட்டுங்கள். பசை தடவியதும் உடனே ஒட்டாமல் இரண்டு மூன்று நிமிடம் ஊற விடுங்கள். எல்லாப் பட்டைக்கும் அதே நேரம். ஒட்டும் வரிசையும் முக்கியம். ஒன்றை ஒட்டியதும் அடுத்ததைப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே போனால் சிறு பிழைகள் சேர்ந்து, பன்னிரண்டாவது பட்டைக்கு இடம் போதாமல் போகும். பந்தின் மேல் முன்கூட்டியே பன்னிரண்டு கோடுகளைப் பென்சிலால் வரைந்து, முதல் பட்டை, அதற்கு நேர் எதிரே ஒன்று, பிறகு இரண்டுக்கும் நடுவே என்று போனால் பிழை பங்கிடப்பட்டுவிடும். துருவத்தில் பன்னிரண்டு கூர்முனைகளும் சேரும் இடம் எப்படியும் அழகாக வராது. 75 பாகையில் முனைகளை வெட்டிவிட்டு, 2.4 செ.மீ. ஆரமுள்ள ஒரு வட்டத்தை மேலே ஒட்டுவதே நல்லது. அனுபவமுள்ள உருண்டைத் தயாரிப்பாளர்களும் துருவத்துக்கு இப்படித் தனி வட்டம் ஒட்டுவதுண்டு.

தட்டையாக்கினால் எது போகிறது

கோளத்தின் மேற்பரப்பை எதையும் இழுக்காமல், கிழிக்காமல் தட்டையாக்க முடியாது என்பதை காஸ் என்ற கணிதமேதை 1827 இல் நிரூபித்தார். ஆகவே ஒவ்வொரு கோட்டுச்சட்டமும், அதாவது கோளத்தைத் தாளில் விரிக்கும் ஒவ்வொரு முறையும், எதையோ காப்பாற்றி எதையோ கைவிடுகிறது. எந்தக் கோட்டுச்சட்டம் சரி என்று கேட்பதில் பயனில்லை. என் கேள்விக்கு எது வேண்டும், வடிவமா, பரப்பா, திசையா, தூரமா என்று கேட்க வேண்டும்.

மெர்கேட்டர் 1569 இல் வெளியிட்டது கப்பலோட்டிகளுக்கான வரைபடம். அதில் நேர்கோடு வரைந்தால், அந்தக் கோணத்தை மாற்றாமல் திசைகாட்டியைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேரலாம். அதற்காகப் பரப்பை விட்டுக்கொடுத்தார். எவ்வளவு விட்டுக்கொடுத்தார் என்பதை ஒரு ஏ4 தாளில் நீங்களே கண்டுகொள்ளலாம்.

தாளைக் கிடையாக வைத்து, நடுவே 24 செ.மீ. கோடு ஒன்று வரையுங்கள். அது நிலநடுக்கோடு; 1 செ.மீ.க்கு 15 பாகை தீர்க்கம். மெர்கேட்டருக்கு நிலநடுக்கோட்டிலிருந்து 1.01, 2.10, 3.37, 5.03, 7.74 செ.மீ. தூரங்களில் 15, 30, 45, 60, 75 பாகை அட்சரேகைகளை வரையுங்கள். தெற்கேயும் இப்படியே. இன்னொரு தாளில், லாம்பர்ட் 1772 இல் தந்த சமபரப்பு உருளைக் கோட்டுச்சட்டத்துக்கு அதே அட்சங்களை 0.99, 1.91, 2.70, 3.31, 3.69 செ.மீ. தூரங்களில் வரையுங்கள், துருவம் 3.82 இல் வரும். இரண்டிலும் நிலநடுக்கோட்டை ஒட்டிய ஒரு கட்டத்தையும், 60க்கும் 75க்கும் இடைப்பட்ட ஒரு கட்டத்தையும் நிறம் தீட்டி, பரப்பைப் பாருங்கள். லாம்பர்ட் தாளில் வடக்குக் கட்டம் நிலநடுக்கோட்டுக் கட்டத்தில் 0.39 பங்கு, பூமியில் உண்மையும் அதுவே. மெர்கேட்டர் தாளில் அதே வடக்குக் கட்டம் 2.7 மடங்கு பெரியது. ஏறத்தாழ ஏழு மடங்கு ஊதிப்போயிருக்கிறது. கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு இணையாகத் தெரிவதன் கதை இதுதான். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல 14 மடங்கு. ஆனால் லாம்பர்ட் தாளிலும் குறை உண்டு. 60 பாகையில் எல்லாம் கிழக்கு மேற்காக இரண்டு மடங்கு இழுபட்டு, வடக்கு தெற்காகப் பாதியாக நசுங்கியிருக்கும்.

பயிர், மக்கள்தொகை, காடு போன்ற பரவலைக் காட்டும் வரைபடத்தை மெர்கேட்டரில் போடுவது எனக்கு ஒப்புக்கொள்ளவே முடியாத பழக்கம். புள்ளிகள் வடக்கே பரவலாகவும் நிலநடுக்கோட்டருகே நெருக்கமாகவும் தெரிவதற்குக் கோட்டுச்சட்டமே காரணமாகிவிடும். படிப்பவர் அதை நிலத்தின் இயல்பு என்று எடுத்துக்கொள்வார். அதற்கு 2018 இல் வந்த ஈக்வல் எர்த் போன்ற சமபரப்பு முறைகள்தான் ஏற்றவை. பொதுவான சுவர் வரைபடத்துக்கு 1921 இன் விங்கல் டிரிப்பல் அல்லது 1963 இன் ராபின்சன் போதும். இரண்டுமே எல்லாவற்றிலும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பவை. ஐ.நா. சின்னத்தில் இருப்பது வடதுருவத்தை மையமாகக் கொண்ட சமதூர முறை. அதில் தூரம் மையத்திலிருந்து அளந்தால் மட்டுமே சரி. வேறு இரண்டு ஊர்களுக்கு நடுவே அடிக்கோல் வைத்தால் விடை தப்பு. இருபது கி.மீ. நிலத்தைக் காட்டும் பெரிய அளவை வரைபடத்தில் இந்தக் கவலை எதுவும் வேண்டியதில்லை.

அளவையும் சம உயரக்கோடும்

1:50,000 என்றால் தாளில் 1 செ.மீ., தரையில் 500 மீட்டர். பரப்பில் 1 சதுர செ.மீ. என்பது 0.25 சதுர கி.மீ. அந்தத் தாளை இருமடங்காகப் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்தால் அளவை 1:25,000 ஆகிவிடும், ஆனால் ஓரத்தில் 1:50,000 என்றே அச்சாகியிருக்கும். 1 செ.மீ. = 500 மீ. என்ற வாசகமும் பொய்யாகிவிடும். தரைத்தூரங்களைக் குறித்து வரைந்த கோடான நேர்கோட்டு அளவை மட்டும் படத்தோடு சேர்ந்து வளர்ந்து, சரியாகவே இருக்கும். ஆகவே வரைபடம் வரைகிறவர் மற்ற இரண்டை எழுதினாலும் எழுதாவிட்டாலும், நேர்கோட்டு அளவையை விடவே கூடாது. திரையில் காட்டும் படத்துக்கு விகித அளவைக்குப் பொருளே இல்லை. திரைக்குத் திரை அளவு மாறும்.

ஆற்றின் நீளத்தை நூலால் அளப்பவர்கள், நூலைச் சற்று ஈரப்படுத்திக்கொண்டால் அது வளைவுகளில் ஒட்டி நிற்கும். நூலைவிடத் தாள் விளிம்பு முறை எனக்கு நம்பகமாகப் படுகிறது. நேரான தாள் விளிம்பை ஆற்றின் மேல் வைத்து, முதல் வளைவில் குறியிட்டு, அந்தப் புள்ளியில் பென்சில் முனையை ஊன்றித் தாளைத் திருப்பி, அடுத்த வளைவு வரை போங்கள். கடைசியில் தாளை நேர்கோட்டு அளவையில் வைத்துப் படித்துவிடலாம். அதே ஆற்றைச் சிறிய அளவை வரைபடத்தில் அளந்தால் நீளம் குறைவாகவே வரும்; வரைபவர் சிறு வளைவுகளை நீக்கியிருப்பார். எனவே எந்த நீளத்தைச் சொன்னாலும், எந்த அளவை வரைபடத்தில் அளந்தது என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக்கோட்டைப் படிப்பதற்கு முன் ஒருமுறையாவது வரைந்து பார்க்க வேண்டும். 112 மீ., 137 மீ. என்று இரண்டு உயரப் புள்ளிகள், தாளில் 5 செ.மீ. இடைவெளியில் இருக்கின்றன என்று வையுங்கள். வித்தியாசம் 25 மீ. 120 மீ. கோடு முதல் புள்ளியிலிருந்து (8 ÷ 25) × 5 = 1.6 செ.மீ. தூரத்தில் கடக்கும், 130 மீ. கோடு 3.6 செ.மீ. தூரத்தில். எல்லாப் புள்ளி இணைகளுக்கும் இப்படிக் குறித்து, ஒரே உயரக் குறிகளை இணைத்தால் நிலம் எழுந்து நிற்கத் தொடங்கும். இந்த முறை இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சரிவு சீராக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறது. நடுவே ஓர் ஓடை போனால் அந்த நினைப்பு தவறு. ஓடையின் அடியிலும் மேட்டின் முதுகிலும் புள்ளி எடுக்காமல், கட்டம் போட்டதுபோல் எங்கும் சம இடைவெளியில் எடுப்பதால்தான் பள்ளத்தாக்குகள் படத்திலிருந்து காணாமல் போகின்றன. பள்ளத்தாக்கில் கோட்டின் கூர்முனை ஓடை வரும் மேட்டுத்திசையைக் காட்ட வேண்டும். தலைகீழாக வந்தால் பள்ளத்தாக்கு முகடாகிவிடும்.

குறுக்குவெட்டு வரையும்போது செங்குத்து மிகையை, அதாவது உயரத்தைக் கிடையைவிட எத்தனை மடங்கு இழுத்திருக்கிறோம் என்பதை, எழுத மறக்காதீர்கள். கிடையளவை 1:50,000, செங்குத்தில் 1 செ.மீ.க்கு 100 மீ. என்றால் மிகை ஐந்து மடங்கு. 20 மீ. இடைவெளிக் கோடுகள் 4 மி.மீ. தள்ளித் தள்ளி இருக்கும் சரிவு, தரையில் பத்துக்கு ஒன்று, அதாவது 6 பாகைக்கும் குறைவு. உங்கள் குறுக்குவெட்டில் அதுவே 27 பாகைச் சரிவாகத் தெரியும்.

ஒரு நிலத்தை நீங்களே வரைய

150 மீட்டருக்கு 100 மீட்டர் நிலம், ஏ3 தாள். 1:500 அளவையில் அது 30 × 20 செ.மீ. வரும், ஓரத்துக்கும் இடமிருக்கும். இந்த அளவையில் 0.2 மி.மீ. பென்சில் கோடு, தரையில் 10 செ.மீ. அதைவிட நுணுக்கமாக டேப்பைப் படித்துக்கொண்டிருப்பது வீண் உழைப்பு. இந்த ஒரு கணக்கை முதலிலேயே போட்டுவிட்டால் பாதி நேரம் மிச்சமாகும்.

சமதள மேசை முறைக்கு வேண்டியவை: முக்காலியில் திருகிய வரைபலகை, ரசமட்டம், தூக்குக்குண்டு, திசைகாட்டி, பார்வைத் தகடுகள் பொருத்திய சட்டம், குண்டூசி, டேப். தாளை ஒட்டியதும் ஓரத்தில் நேர்கோட்டு அளவையை வரைந்துவிடுங்கள். பகலில் தாள் ஈரத்தாலோ வெயிலாலோ நீண்டு சுருங்கினாலும் அளவையும் கூடவே மாறிக்கொள்ளும். நிலத்தில் எல்லாம் தெரிகிற இரண்டு இடங்களைத் தேர்ந்து, நடுவிலுள்ள தூரத்தைக் கவனமாக அளங்கள். 60 மீ. என்றால் தாளில் 12 செ.மீ. இந்த அடிக்கோட்டில் பிழை இருந்தால் படம் முழுவதும் அதே விகிதத்தில் பிழையாகும், ஆகவே போகவும் வரவும் இருமுறை அளக்க வேண்டும். முதல் இடத்தில் பலகையை மட்டமாக்கி, குண்டூசியில் சட்டத்தை அணைத்து, இரண்டாவது இடத்தை நோக்கி ஒரு கோடும், ஒவ்வொரு மரம், மூலை, கம்பத்தை நோக்கி ஒரு மெல்லிய கதிரும் வரையுங்கள்; எந்தக் கதிர் எதற்கு என்று நுனியில் எழுதுங்கள். எழுதாவிட்டால் இரண்டாவது இடத்தில் எல்லாம் குழம்பும். பிறகு பலகையை இரண்டாவது இடத்துக்குக் கொண்டுபோய், சட்டத்தை அடிக்கோட்டின் மேல் வைத்து, முதல் இடம் தெரியும்வரை பலகையைத் திருப்பி இறுக்கி, அதே பொருள்களுக்கு மறுபடி கதிர் வரையுங்கள். இரண்டு கதிர்கள் வெட்டும் புள்ளியே பொருளின் இடம்.

வெட்டும் கோணம் 60 முதல் 120 பாகைக்குள் இருந்தால் புள்ளி துல்லியம். 30 பாகைக்குக் கீழே போனால் வெட்டுப்புள்ளி எங்கே என்றே சொல்ல முடியாது. அடிக்கோட்டின் நேரே நீட்சியில் இருக்கும் பொருள்களுக்கு இதுதான் நேரும். அவற்றுக்கு டேப்பால் அளப்பதே வழி. பலகையின் மேல் சாய்ந்து வரைபவர் கொஞ்சம் கொஞ்சமாக அதைத் திருப்பிவிடுவார், அதனால் ஐந்தாறு கதிருக்கு ஒருமுறை அடிக்கோட்டைத் திரும்பப் பாருங்கள். சரிவில் டேப்பைத் தரையோடு பிடித்து அளந்தால் வரைபடத்துக்கு வேண்டிய கிடைத்தூரம் கிடைக்காது. 10 பாகைச் சரிவில் 30 மீ. என்பது கிடையாக 29.54 மீ.; தாளில் ஏறக்குறைய 1 மி.மீ. வித்தியாசம். இரும்பு வேலி, வண்டி, பாக்கெட்டிலுள்ள செல்போன் ஆகியவை திசைகாட்டி முள்ளைத் திருப்பும். காந்த வடக்கு ஆண்டுக்காண்டு நகர்வதால், படத்தில் அதன் அம்புக்குறியோடு தேதியையும் எழுத வேண்டும்.

செல்போனில் எடுத்த ஆயத்தொலைகளை (அட்சம், தீர்க்கம்) சேர்ப்பதானால் இரண்டு கண்ணிகள். ஒரு பாகைக்கு 60 கலை என்பதால் 13 பாகை 30 கலை என்பது 13.5, அதை 13.30 என்று பதிவுசெய்தால் புள்ளி 22 கி.மீ. தள்ளிப் போகும். இரண்டாவது, தசமத்துக்குப் பின் எட்டு இலக்கம் எழுதுவது. ஐந்தாவது இலக்கமே தரையில் 1.1 மீ.; செல்போனின் பிழையோ பல மீட்டர். ஐந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தலைப்பு, குறியீட்டு விளக்கம், அளவை, வடக்கு, தேதி எல்லாம் எழுதிய பின், படத்தில் உள்ள, ஆனால் இடைத்தூரத்தை இதுவரை அளந்திராத இரண்டு பொருள்களைத் தேர்ந்து, அவற்றின் நடுத்தூரத்தைத் தரையில் டேப்பாலும் தாளில் அடிக்கோலாலும் அளங்கள். 1:500 படத்தில் வித்தியாசம் அரை மீட்டருக்குள் இருந்தால் படத்தைப் பயன்படுத்தலாம். அதற்கு மேல் போனால் முதலில் அடிக்கோட்டை மறுபடி அளந்து, பிறகு குறுகிய கோணத்தில் வெட்டிய புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்; பிழை அநேகமாக இந்த இரண்டில் ஒன்றில்தான் இருக்கும்.